காக்காய்க்கு சோறு, பாபடூக்குக்கு மண்புழு: சினிமா கேள்வி பதில்

போன இதழ்ல ‘தி பாபடூக்’ படத்தைப் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன். 2014ல வந்த ஆஸ்திரேலியப் படம், ஜெனிஃபர் கென்ட்னு ஒரு பெண் டைரக்டரோட முதல் படம், சைக்கலாஜிக்கல் ஹாரர்ல என் மனச இந்த அளவுக்கு அசைச்ச படம் வேற இல்லைன்னு. பாபடூக்ங்கிறது அதுல ஒரு அம்மாவும் பையனும் இருக்குற வீட்டுக்குள்ள, ஒரு குழந்தைக் கதைப் புத்தகத்துல இருந்து கறுப்புக் கோட்டும் தொப்பியுமா கிளம்பி வர்ற பேய். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும்னு நான் நினைக்கவே இல்ல, பாதிப் பேர் ஏமாந்துட்டோம்னு கோவமா, மீதிப் பேர் தூக்கமே வரலைன்னு. அதனால இந்தத் தடவை முழுக்க இந்த ஒரு படம் மட்டும்தான். பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து படிங்க, ஒன்றரை மணி நேரம்தான், முடிவு வரைக்கும் இங்க பேசப் போறேன்.

நீங்க எழுதினதைப் படிச்சுட்டு நைட்டு லைட்ட ஆஃப் பண்ணி ஹெட்போன் போட்டுப் பார்த்தேன். பயமே வரலை. அந்தப் பையன் கத்துற கத்துல தலைவலிதான் வந்துச்சு. பேய் வர்ற சீனே மொத்தமா கொஞ்ச நேரம்தான். இதப் போயி எப்படி பெரிய படம்ங்கிறீங்க?
கல்லூரி மாணவர், மதுரை

தம்பி, உங்களுக்கு தலைவலி வந்துச்சே, அதே தலைவலியோடதான் அந்த அம்மா அமீலியா ஆறு வருஷமா இருக்கா. டைரக்டர் அதத்தான் உங்க மேல ஏத்தியிருக்காங்க. படம் ஆரம்பிச்ச அரை மணி நேரத்துக்கு பேய்னு பெருசா ஒண்ணும் கிடையாது, என்ன இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போற வழியில கார் ஆக்சிடென்ட்ல புருஷன் செத்துப் போறான், அதே நாள்ல பையன் சாமுவேல் பொறக்குறான், அன்னையிலேர்ந்து அவ தனியாளா அவன வளர்க்குறா, பகல்ல முதியோர் இல்லத்துல வேலை, நைட்டு பையன் பூதம் இருக்குன்னு வந்து எழுப்புவான், கட்டிலுக்கு அடியில பார்க்கணும், அலமாரியத் திறந்து காட்டணும், அப்புறம் அவ கூடவே ஒட்டிக்கிட்டு கழுத்தப் புடிச்சுக்கிட்டு தூங்குவான், அவ மெதுவா நகர்ந்து கட்டில் ஓரத்துக்குப் போயி முழிச்சுக்கிட்டே படுத்திருப்பா. அவன் சொந்தமா ஆயுதம் செஞ்சு ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போயி பிரச்சனை ஆகுது. தங்கச்சி வீட்டுக் குழந்தைய மரவீட்டுல இருந்து தள்ளி விட்டு மூக்க ஒடைச்சிடறான். பல்வலி வேற. இதுல எதுலயும் பேய் இல்ல, ஆனா கைக்குழந்தை வச்சிருக்குற, ராத்திரி முழுக்க தூங்காத எந்தப் பொண்ணுகிட்டயாவது இதப் போட்டுக் காட்டுங்க, அவங்க முகத்தப் பாருங்க.

எனக்கு இந்தப் படத்துல ரொம்ப பயமா இருந்த இடம் அந்த கறுப்புத் தொப்பி உருவம் வர்ற இடம் இல்ல. தங்கச்சி சண்டையில ஒரு வார்த்தை சொல்லுவா, உன் பையன் கூட இருக்க எனக்குப் பிடிக்கலதான், ஆனா உனக்கே பிடிக்கலையேன்னு. அமீலியா அதுக்கு பதில் சொல்ல முடியாம நிப்பா. பெத்த புள்ளைய ஒரு தாய்க்குப் பிடிக்காமப் போகும், புருஷன் செத்ததுக்கு காரணமா அவன் மூஞ்சி தினமும் முன்னாடி நிக்கும், அதையும் மீறி அவன் மேல உயிரா இருப்பா, இந்த ரெண்டும் ஒரே நெஞ்சுக்குள்ள இருக்கும். நம்ம சினிமால அம்மான்னா ஒண்ணு தெய்வம், இல்லேன்னா கொடுமைக்கார சித்தி. நடுவுல ஒரு மனுஷி இருக்கான்னு இவ்ளோ நேரா சொன்ன படம் நான் அதிகம் பார்த்ததில்ல.

இன்னொண்ணு, பயம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது. ‘தி எக்ஸார்சிஸ்ட்’ எடுத்த வில்லியம் ஃப்ரீட்கின், அவர விட பேய்ப் படம் தெரிஞ்சவர் யாரு, அவரே இத விட பயமுறுத்துற படத்த நான் பார்த்ததே இல்லைன்னு வெளிப்படையா சொன்னார். உங்களுக்கு வரலைன்னா தப்பே இல்ல. ஒரு பத்து வருஷம் கழிச்சு உங்க வீட்டுல ஒரு குழந்தை இருக்கும்போது திரும்பப் பாருங்க.

பாபடூக் நிஜப் பேயா, இல்ல அவ மனப்பிரமையா? எங்க ஆபீஸ்ல ரெண்டு கட்சியா பிரிஞ்சு சண்டை போடுறோம்.
வாசகர், கோயம்புத்தூர்

ரெண்டு கட்சிக்கும் படத்துக்குள்ளயே சாட்சி இருக்கு, அதுதான் டைரக்டரோட கெட்டிக்காரத்தனம்.

பிரமைன்னு சொல்றவங்க இந்த மூணையும் எடுத்து வைங்க. பார்ட்டி சீன்ல முன்னாடி என்ன வேலை பார்த்தேன்னு பேச்சு வரும்போது அமீலியா பத்திரிகைக்கு எழுதினேன், குழந்தைங்களுக்கும் கொஞ்சம் எழுதியிருக்கேன்னு போற போக்குல சொல்லுவா. அந்த பாபடூக் புத்தகம் வீட்டு அலமாரியில எப்படி வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, எழுதினவங்க பேரும் அதுல இருக்காது. அப்புறம் கிழிச்சுப் போட்ட புத்தகம் ஒட்டி வச்சு வாசல்ல கெடக்கும், புதுசா பக்கங்கள் சேர்ந்திருக்கும், அதுல ஒரு அம்மா நாயக் கொல்றா, பையனக் கொல்றா, தன்னையே குத்திக்கிறா. அவ அத எரிச்சிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுவா, அங்க அவ கையப் பாருங்க, கரி அப்பியிருக்கும். எரிச்சதால வந்த கரியா, வரைஞ்சதால வந்த கரியா?

நிஜப் பேய்னு சொல்றவங்களுக்கு, பையனையும் அது தூக்கி அடிக்குதே, அவ மட்டும் பார்க்கலையேன்னு ஒரு பாயிண்ட் போதும்.

என்னைக் கேட்டா, ரெண்டுக்கும் நடுவுல கோடு போட வேண்டியதே இல்ல. துக்கம்ங்கிறது மனசுக்குள்ளதான் இருக்கு, ஆனா அது வீட்ல இருக்குற எல்லாரையும் அடிக்கும், கூட இருக்குற குழந்தை மேல நிஜமாவே காயமா விழும். அந்தப் புத்தகத்துல ஒரு வரி வரும், என்னை இல்லைன்னு மறுக்க மறுக்க எனக்கு பலம் கூடும்னு. அமீலியா அதத்தான் செய்றா. நான் அதத் தாண்டி வந்துட்டேன், அவரப் பத்தி நான் பேசுறதே இல்லையேன்னு தங்கச்சிகிட்ட பெருமையா சொல்லுவா. பேசுறதில்ல, ஆனா அவரோட துணிமணி, சாமான் எல்லாம் வீட்டுக்குக் கீழ பேஸ்மென்ட்ல போட்டுப் பூட்டி வச்சிருக்கா, பையன் உள்ள போனா கத்துவா. பாபடூக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கிட்டு வருதே, அந்த பேஸ்மென்ட்ல புருஷனோட கோட்டும் தொப்பியும் சுவத்துல மாட்டியிருக்குறத கவனிச்சீங்களா?

கடைசில பேயக் கொல்லவும் இல்ல, மந்திரவாதி வந்து விரட்டவும் இல்ல. பேஸ்மென்ட்ல வச்சு மண்புழு போட்டு வளர்க்குறாங்க. செகண்ட் பார்ட் எடுக்கறதுக்காக இப்படி விட்டுட்டாங்களா? எனக்குப் பிடிக்கவே இல்ல.
வாசகி, சேலம்

வந்த கடிதங்கள்ல நிறைய பேர் கேட்டது இதத்தான், இதுக்கு பதில் எழுதணும்னுதான் நான் இந்தப் பக்கத்தையே இப்படி எடுத்துக்கிட்டேன். செகண்ட் பார்ட்டுக்காக விட்டது கிடையாது, படம் வந்து இத்தனை வருஷத்துல அப்படி ஒண்ணு வரவும் இல்ல.

எங்க பெரியம்மாவ சொல்றேன். பெரியப்பா போனப்போ அவங்களுக்கு நாப்பது வயசு இருக்கும். அழுது நாங்க யாரும் பார்த்ததில்ல. ஆனா தினமும் மத்தியானம் சோறு வடிச்சதும் மொத உருண்டைய எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயி கைப்பிடிச் சுவர் மேல வச்சு கா கா கான்னு கூப்பிடுவாங்க. காக்கா வந்து வாய் வச்சாத்தான் கீழ வந்து சாப்பிடுவாங்க, ஒரு நாள் லேட்டா வந்தா அங்கயே வெயில்ல நின்னுக்கிட்டு, ஏன் வரல, என் மேல கோவமான்னு காக்காகிட்ட பேசிக்கிட்டு இருப்பாங்க. சின்னப் புள்ளையா இருந்த எனக்கு அது வேடிக்கையா இருக்கும். அமாவாசைன்னா வடை, பாயசத்தோட. முப்பது வருஷம் இத ஒரு நாள் விடாம செஞ்சாங்க. மாடியில இருந்து இறங்கி வந்ததும் சாதாரணமா இருப்பாங்க, சிரிப்பாங்க, எங்களுக்கு பரிமாறுவாங்க.

இந்தப் படத்தோட கடைசி சீன் பார்த்தப்போ எனக்கு சட்டுனு அந்த மொட்டை மாடிதான் ஞாபகம் வந்துச்சு. அமீலியாவும் பையனும் தோட்டத்துல மண்புழு தோண்டி ஒரு கிண்ணத்துல சேர்க்குறாங்க, அவ அத எடுத்துக்கிட்டு தனியா படி இறங்கி இருட்டுக்குள்ள போறா, அது அவ மேல சீறிக்கிட்டு வருது, அவ தடுமாறிப் போறா, ஆனா ஓடல, அழுற குழந்தைய சமாதானப்படுத்துற மாதிரி மெதுவா பேசுறா, அது அடங்கி கிண்ணத்த இருட்டுக்குள்ள இழுத்துக்குது. மேல வந்ததும் பையன் எப்படி இருந்துச்சுன்னு கேப்பான், இன்னைக்கு அமைதியாத்தான் இருந்துச்சுன்னு சொல்லிட்டு, அன்னைக்குத்தான் அவனோட பிறந்தநாள், அதக் கொண்டாடப் போயிடுவாங்க.

விரட்ட முடியாத ஒண்ணுக்கு ஒரு எடம், ஒரு நேரம், ஒரு பிடி சோறு. நம்ம ஊர்ல இத எப்பவோ செஞ்சு வச்சிருக்காங்க. திதி, அமாவாசை, படையல்னு செத்தவங்களுக்கு காலண்டர்ல இடம் ஒதுக்கி வச்சிருக்கோம். அமீலியாவுக்கு அப்படி ஒரு வழியும் இல்ல, சுத்தி இருக்குறவங்க ஏழு வருஷம் ஆகப் போகுது இன்னுமா இதையே நினைச்சுக்கிட்டு இருக்கேன்னு கேக்குறாங்களே தவிர, அவன் பேரச் சொல்லி அழுறதுக்கு ஒரு நாள் கூட அவளுக்கு விடல. அந்த வழிய அவளே கண்டுபுடிச்சு, அவளே கிண்ணத்துல போட்டு எடுத்துட்டுப் போறா. நாம சோறு ஊட்ட பூச்சாண்டியக் காட்டுவோம், இவ அந்தப் பூச்சாண்டிக்கே சோறு வைக்கிறா. எனக்கு இத விட நிம்மதியான முடிவு எந்தப் பேய்ப் படத்துலயும் கிடைச்சதில்ல. அத வெட்டிக் கொன்னுட்டு சூரியன் உதிக்கிற மாதிரி முடிச்சிருந்தா அது பொய்யா இருந்திருக்கும், புருஷன் செத்த துக்கத்த யாரும் அப்படிக் கொன்னதில்லைன்னு பெரியம்மாவப் பார்த்து வளர்ந்த எனக்குத் தெரியும்.

அந்தச் சின்னப் பையன இவ்ளோ கொடூரமான சீன்ல நடிக்க வச்சது தப்பில்லையா? பார்க்கவே மனசு பதறுச்சு.
ஆசிரியை, திருநெல்வேலி

நீங்க கேட்டது சந்தோஷமா இருக்கு டீச்சர். பையன் பேரு நோவா வைஸ்மேன், ஆறு வயசு அப்போ. அமீலியாவா நடிச்ச எஸ்ஸி டேவிஸ் கேமரா முன்னாடி அவன திட்டுற, மிரட்டுற ஷாட் எல்லாம் எடுக்கும்போது அவன் அந்த இடத்துலயே இல்ல, அவன் உயரத்துக்கு வர்றதுக்காக ஒரு பெரிய ஆள முழங்கால் போட வச்சு அவரப் பார்த்துத்தான் திட்டியிருக்காங்க. அவன் முகத்தக் காட்டுற ஷாட்ட தனியா எடுத்து ஒட்டியிருக்காங்க. முன்னாடியே அவனுக்குப் புரியுற மாதிரி கதைய மென்மையா மாத்தி சொல்லி, அவங்க அம்மாவையும் ஷூட்டிங்ல கூடவே வச்சிருந்திருக்காங்க. ஒரு குழந்தையோட பால்யத்த அழிச்சு இந்தப் படத்த எடுக்க எனக்கு விருப்பமில்லைங்கிறதுல டைரக்டர் உறுதியா இருந்தாங்க.

நம்ம ஊர் ஷூட்டிங்லயும் இது வரணும்னு எனக்கு ரொம்ப ஆசை. குழந்தை நிஜமா அழணும்ங்கிறதுக்காக நிஜமாவே அழ வைக்கிறத பெருமையா பேட்டியில சொல்றவங்கள நான் பார்த்திருக்கேன், அப்பல்லாம் எனக்கு கோவம் கோவமா வரும்.

பெரிய பட்ஜெட்டா? கிராபிக்ஸ் நல்லா இருந்துச்சு.
வாசகர், புதுச்சேரி

கிராபிக்ஸ்னு நீங்க நினைச்சது பெரும்பாலும் கிராபிக்ஸ் இல்ல. டைரக்டர் கையால செய்யிற வித்தையத்தான் வேணும்னு கேட்டாங்க, அதனால உருவத்த கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி ஒவ்வொரு ஃப்ரேமா எடுக்குற ஸ்டாப் மோஷன், கேமராவுக்கு முன்னாடியே நடக்குற ட்ரிக், இப்படித்தான் பாபடூக்க கொண்டு வந்திருக்காங்க. தூக்கம் வராம அமீலியா டிவி பார்க்குற சீன்ல பழைய கறுப்பு வெள்ளை மாயாஜாலப் படம் ஓடும் பாருங்க, அது நூறு வருஷத்துக்கு முன்னாடி பிரான்ஸ்ல ஜார்ஜ் மெலியெஸ் எடுத்தது, அவருக்கு வைக்கிற வணக்கம் அது. வீட்டோட அந்த நீலமும் சாம்பலும் கலந்த நிறம் கூட லைட்டுக்கு கலர் பேப்பர் ஒட்டி வந்ததில்ல, சுவரு, பொருளு, துணி எல்லாத்தையும் அந்தக் கலர்லயே அமைச்சிருக்காங்க. ஷூட்டிங் அடிலெய்டு நகரத்துல.

பணம்னு பார்த்தா சுமாரா 20 லட்சம் டாலர், பெரும்பாலும் அங்க அரசாங்கத்தோட சினிமா அமைப்புகள் குடுத்தது. செட் வேலைக்கு பத்தாமப் போயி 2012ல பொதுமக்கள்கிட்ட ஆன்லைன்ல கேட்டு 30,000 டாலர் திரட்டினாங்க. 2005லயே ‘மான்ஸ்டர்’னு ஒரு ஷார்ட் ஃபிலிம் எடுத்து, அதுல இருந்துதான் இந்தக் கதை வளர்ந்துச்சு, அதாவது ஒரே கருவ மனசுல ஒன்பது வருஷம் சுமந்திருக்காங்க. பக்கத்தத் திறந்தா படம் எழும்பி நிக்கிற அந்த பாப் அப் புத்தகத்த வரைஞ்சு செஞ்சவர் அலெக்ஸாண்டர் யூஹாஸ்ங்கிற ஓவியர், படத்துல பாதி பயம் அவரோட அந்த கறுப்பு மை ஓவியத்துல இருந்துதான் வருது. இத்தனைக்கும் சொந்த ஊர்ல படம் பெருசா ஓடல, வெளிநாட்டுல கொண்டாடின பிறகுதான் அங்க திரும்பிப் பார்த்தாங்க.

குடும்பத்தோட பார்க்கலாமா?
வாசகர், வேலூர்

சின்னப் பிள்ளைங்களோட வேண்டாம். நாய் வளர்க்குறவங்களும் மனசத் தயார் பண்ணிக்கிட்டு உக்காருங்க.

என் கணவர் மூணு வருஷம் முன்னாடி பைக் விபத்துல இறந்துட்டார். பையனுக்கு இப்ப ஏழு வயசு. அவர் இறந்தது பையனோட பிறந்தநாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி. அதனால வீட்ல மூணு வருஷமா அவனுக்கு பிறந்தநாள் கொண்டாடல, மாமியார் வீட்டுல அந்த மாசமே விசேஷம் எதுவும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. இந்தப் படத்துல அந்தப் பையனுக்கும் பிறந்தநாள அன்னைக்கே கொண்டாட மாட்டாங்கன்னு வந்ததும் என்னால பார்க்க முடியல, நிறுத்திட்டேன். சில நாள் அவன் மேல எனக்கு காரணமே இல்லாம எரிச்சல் வருது, அடிச்சும் இருக்கேன். நானும் அந்த அமீலியா மாதிரி ஆயிடுவேனா?
பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

அம்மா, உங்க கடிதத்த மூணு நாள் பையில வச்சுக்கிட்டே சுத்தினேன்.

ஆயிடுவேனான்னு நீங்க கேக்குறீங்களே, அமீலியா அந்தக் கேள்விய யார்கிட்டயும் கேக்கவே இல்ல. தங்கச்சி தள்ளி நின்னா, டாக்டர்கிட்ட போயி தூங்கறதுக்கு மாத்திரை கேட்டா, அதுவும் பையனுக்கு, தனக்கு என்ன நடக்குதுன்னு சொல்லவே இல்ல. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருத்திதான், கை நடுக்கத்தோட வந்து கதவத் தட்டி, இது உனக்கு கஷ்டமான நேரம்னு எனக்குத் தெரியும், நான் இருக்கேன்னு சொன்னா. நீங்க எங்கயோ இருக்குற எனக்கு எழுதிட்டீங்க. அதே தைரியத்தோட கிட்டத்துல இருக்குற ஒருத்தர்கிட்டயும் சொல்லுங்க. தூக்கம் இல்லாம, தனியா, துக்கத்தோட இருக்குற ஒருத்தருக்கு எரிச்சல் வர்றது பாவம் இல்ல. ஆனா கை நீளுற அளவுக்குப் போகுதுன்னா அதத் தனியா சுமக்க வேண்டாம். 14416னு ஒரு நம்பர் இருக்கு, டெலி மானஸ், மத்திய அரசோட மனநல உதவி எண், காசு கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம். உங்க மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலயும் மனநல டாக்டரப் பார்க்கக் கேளுங்க. அங்க போறது பைத்தியத்துக்குத்தான்னு யாராவது சொன்னா காதுல வாங்கிக்காதீங்க.

பிறந்தநாள் விஷயம். மாமியார் மனச நான் குறை சொல்ல மாட்டேன், அவங்களுக்கு போனது பெத்த புள்ள. ஆனா அவங்ககிட்ட மெதுவா இதச் சொல்லிப் பாருங்க. அவருக்கு குடுக்குற திதி பஞ்சாங்கத்தப் பார்த்து வருது, ஒவ்வொரு வருஷமும் தேதி தள்ளித் தள்ளிப் போகும். பையனோட பிறந்தநாள் இங்கிலீஷ் தேதி, அது அதே இடத்துலதான் நிக்கும். ரெண்டும் ஒரே நாள்ல மோதுற வருஷம் அபூர்வம். திதியன்னைக்கு அவருக்குப் பிடிச்சத சமைச்சு, இலை போட்டு, காக்காய்க்கு வைக்கும்போது பையனையும் மாடிக்குக் கூட்டிட்டுப் போங்க, அப்பா பேரச் சொல்லி அவனையே கூப்பிடச் சொல்லுங்க. அழுகை வந்தா அவன் முன்னாடியே அழுங்க. அவனோட நாள் வரும்போது ஒரு சின்ன கேக்கு, இல்ல ஒரு டம்ளர் பாயசம் போதும், பக்கத்து வீட்டுப் பசங்க நாலு பேரு.

படத்த நிறுத்தினது நல்லது, கட்டாயம் முழுசாப் பார்க்கணும்னு ஒண்ணும் இல்ல. ஆனா என்னைக்காவது பார்க்கணும்னு தோணுச்சுன்னா பகல்ல, யாராவது கூட இருக்கும்போது பாருங்க, அந்தக் கடைசி பத்து நிமிஷத்துக்காக. அந்தப் பையனுக்கு ஏழாவது பிறந்தநாள், வாழ்க்கையில முதல் தடவையா அந்தத் தேதியிலயே கொண்டாடுறாங்க, அவன் தோட்டத்துல ஒரு தட்டுல காச வச்சு துணி போட்டு மூடி அம்மாவுக்கு மேஜிக் செஞ்சு காட்டுவான், துணிய எடுத்தா உள்ள வெள்ளைப் புறா இருக்கும்.

உங்க பையனுக்கு எப்ப பிறந்தநாள்னு நீங்க எழுதல. எழுதுங்கம்மா.